காசு கொடுத்துக் காசு வாங்கிய கதை



போன சுவர் இதழில் பொழுதுபோக்கு பற்றி எல்லாரும் எழுதினாங்க. கிரிக்கெட், கேரம், ஸ்டாம்ப் சேர்ப்பது என்று வரிசையாக வந்தது. நான் பழைய காசு சேர்க்கிறேன் என்று சொன்னதும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், "உன்கிட்ட புதுக் காசே கிடையாதே, பழைய காசு எப்படிடா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. இரண்டு தாள் ஆகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

எங்க ஆயா சுருக்குப் பையில் வெற்றிலை பாக்கோடு ஒரு செம்புக் காசு இருக்கும். கறுத்து, பச்சை ஏறிப்போய் இருக்கும். "எங்க மாமியா குடுத்தது, தொலைச்சிடாத" என்று சொல்லித்தான் காட்டும். எட்டாவது படிக்கும்போது, "நான் பளபளன்னு ஆக்கித் தரேன் ஆயா" என்று வாங்கி, புளி, உப்பு, அடுப்புச் சாம்பல் மூன்றையும் போட்டு அரை மணி நேரம் தேய்த்தேன். குத்துவிளக்கு மாதிரி மின்னியது. பெருமையாகப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வந்து சமூக அறிவியல் சாரிடம் நீட்டினேன்.

சார் லென்ஸ் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "வி.ஓ.சி. என்கிற மூணு எழுத்து நிழல் மாதிரி தெரியுது. கீழே 17 தெரியுது. அதுக்கு அடுத்த ரெண்டு எண்ணையும் நீ புளித் தண்ணியோட ஊத்திட்டே" என்றார். பின்பக்கம் ஒரு கேடயம் இருந்திருக்க வேண்டுமாம். அங்கே வெறும் செம்புதான் இருந்தது.

"வ.உ.சி. பேர்ல காசு அடிச்சாங்களா சார்?" என்று நான் கேட்டேன். வகுப்பே சிரித்தது. அது கப்பலோட்டிய தமிழர் இல்லை. 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை அது. அந்தக் கம்பெனிதான் 1613-இல் நம்ம ஊரில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. கோட்டைக்குள்ளேயே காசு அடிக்கிற சாலையும் இருந்தது. ஆயா வைத்திருந்தது இங்கே அடித்ததில்லை. ஹாலந்திலிருந்து கப்பலில் வந்த 'டுயிட்' என்ற சின்னச் செம்புக் காசு. 1726 முதல் அங்கே மாகாணம் மாகாணமாக லட்சக்கணக்கில் அடித்து அனுப்பினார்கள். ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு கேடயம். கேடயம் தெரிந்தால் எந்த ஊரில் அடித்தது என்று சொல்லிவிடலாம். எனக்குத்தான் கேடயமும் இல்லை, ஆண்டும் இல்லை.

அதே சார்தான், "டச்சுக்காரன் முந்தாநேத்து வந்தவன்டா. அவனுக்கு ஆயிரத்து அறுநூறு வருஷம் முன்னாடியே ரோமாபுரிக் காசு நம்ம நாட்டுல புழங்கியிருக்கு" என்று சொன்னார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.

தமிழ்ப் பாடத்தில் யவனர் என்று படிக்கிறோமே, அவர்கள் மேற்கேயிருந்து கப்பலில் வந்தவர்கள். பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று அகநானூற்றின் 149-ஆம் பாட்டிலேயே செய்தி இருக்கிறது. மிளகு, முத்து, பச்சை நிறக் கல், மெல்லிய துணி எல்லாம் இங்கேயிருந்து போனது. பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர், இந்தியா ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸை நம்மிடமிருந்து உறிஞ்சிவிடுகிறதே என்று புலம்பியிருக்கிறார். நாலு செஸ்டர்ஸ் சேர்ந்தால் ஒரு வெள்ளி தினாரியஸ்.

அப்படி வந்த காசெல்லாம் இன்றைக்கும் மண்ணிலிருந்து வருகிறது. கோயம்புத்தூர் பக்கம் வெள்ளலூரில் 1842-இல் ஐந்நூறுக்கு மேற்பட்ட வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரண்டு பேரரசர்களின் காசுகள். அதாவது கி.மு. 27-லிருந்து கி.பி. 37-க்குள் ஆண்டவர்கள். 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சி என்ற ஊரில் 501 பொற்காசுகள் கிடைத்தன. அதில் வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான காசுகளில் ராஜாவின் முகத்தின் மேல் உளியால் ஒரு வெட்டு! இனிமேல் இது காசு இல்லை, வெறும் தங்கம் என்று காட்டுவதற்காக வெட்டியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. நம்ம ஆளுங்களுக்கு அந்த ராஜா யார் என்பதா முக்கியம்? எடைதான் முக்கியம். கி.பி. 64-இல் நீரோ மன்னன் வெள்ளிக் காசின் எடையையும் தரத்தையும் குறைத்தான். இங்கே கிடைத்திருக்கும் வெள்ளிக் காசுகளில் அதற்கு முந்தைய நல்ல காசுகள்தான் மிக அதிகம். நம்ம ஊர் ஏலத்தில் நண்டைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லுவாங்களே, அந்த மாதிரி ஆட்கள் அன்றைக்கும் இருந்திருக்காங்க. சில பொற்காசில் துளை போட்டுக் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். காசுமாலை ஆசை புதுசு இல்லை!

சரி, இதில் நம்மால் எதை வாங்க முடியும்?

தங்கக் காசை மறந்துவிடுங்கள். ஒரு காசு கிட்டத்தட்ட ஒரு சவரன் எடை. விலை தங்கத்தின் விலையை விட எத்தனையோ மடங்கு. அதை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதோடு சரி. வெள்ளியும் ஆயிரக்கணக்கில் போகும். மிச்சம் இருப்பது கடைசிக் காலத்துச் செம்பு. கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டுகளில் கான்ஸ்டன்டைன், தியோடோசியஸ், அர்க்காடியஸ் போன்றவர்கள் காலத்தில் அடித்த குட்டிக் காசுகள். ஒன்றோ இரண்டோ கிராம்தான் இருக்கும். சட்டைப் பொத்தான் அளவு. அந்தக் காலத்தில் கோடிக்கணக்கில் அடித்ததால் இன்றைக்கும் உலகம் முழுக்கக் கிடைக்கிறது. அதனால்தான் தேய்ந்த காசு என்றால் சில நூறு ரூபாயிலேயே வாங்கலாம். 1,600 வருஷம் பழையது, ஆனால் ஒரு ஜோடி செருப்பு விலை! பழசு என்றாலே விலை அதிகம் என்று நினைப்பது தப்பு. எத்தனை மிச்சம் இருக்கிறது, எத்தனை பேர் கேட்கிறார்கள், எழுத்து எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்துத்தான் விலை.

இந்தக் குட்டிக் காசுகள் நம்ம மாநிலத்திலேயே கரூரில் அமராவதி ஆற்றிலும், மதுரையில் வைகை ஆற்றிலும் கிடைத்திருக்கின்றன. ஆற்று மணலைச் சலித்துக் காசு பொறுக்கி விற்றே பிழைத்தவர்கள் உண்டு. 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி (2021-இல் மறைந்தார்) அப்படிக் கிடைத்த காசுகளை வருஷக்கணக்கில் வாங்கிச் சேர்த்துப் படித்தவர். கரூர், மதுரை, திருக்கோயிலூர் ரோமானியச் செம்புக் காசுகளைப் பற்றி 1994-இல் ஒரு புத்தகமே போட்டார். மதுரையில் வாங்கிய பழைய செம்புக் காசுகளுக்கு நடுவில்தான் 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் எழுதிய பாண்டியர் காசையும் அவர் கண்டுபிடித்தார். என்னை மாதிரி ஒருத்தன் கையில் அது முதலில் கிடைத்திருந்தால் புளி போட்டிருப்பான்.

இப்போது என் இரண்டாவது தப்பு. லீவு நாட்களில் வலைச் சிக்கெடுக்கப் போய் 150 ரூபாய் சேர்த்தேன். சித்தப்பாவோடு சென்னைக்குப் போனபோது ரோட்டோரத்தில் துணி விரித்துப் பழைய காசு விற்றுக்கொண்டிருந்தார் ஒருவர். "ரோமன் காசு தம்பி, வெள்ளி" என்றார். பெரிய முகம், தெளிவான எழுத்து. மொத்தப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் காசின் ஓரத்தில் சுற்றிலும் ஒரு கோடு. இட்லித் தட்டில் மாவு வழிந்தால் ஒரு விளிம்பு வருமே, அந்த மாதிரி.

ரோமானியர்கள் காசை வார்க்கவில்லை, அடித்தார்கள். கீழே ஒரு அச்சு, நடுவில் உலோகத் துண்டு, மேலே ஒரு அச்சு, சம்மட்டியால் ஒரே போடு! அதனால் நிஜக் காசில் படம் ஒரு பக்கமாக விலகியிருக்கும், ஓரம் வெடித்திருக்கும், ஒன்றைப் போல இன்னொன்று அச்சாக இருக்கவே இருக்காது. போலியை அச்சில் உருக்கி ஊற்றுகிறார்கள். அதனால் ஓரத்தில் கோடு வரும், மேலே ஊசிமுனை அளவு குமிழ் இருக்கும், எழுத்து சோப்பு கரைந்த மாதிரி மழுங்கியிருக்கும். இதையெல்லாம் விட நிச்சயமான அடையாளம் ஒன்று உண்டு. அடுத்த தடவை சென்னைக்குப் போனபோது வேறொரு இடத்தில் அதே காசைப் பார்த்தேன். என் காசில் ராஜாவின் கன்னத்தில் ஒரு கீறல் இருந்தது. அதிலும் அதே கன்னத்தில், அதே நீளத்தில், அதே கீறல்! ஒரே கீறல் இரண்டு காசில் எப்படி வரும்? ஒரே அச்சில் வார்த்தால்தான் வரும். அந்தக் காசை இப்போதும் வைத்திருக்கிறேன். யாருக்காவது போலி எப்படி இருக்கும் என்று பார்க்கணும்னா வாங்க.

(ஒரு விஷயம். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பழைய காலத்திலேயே ரோமானியச் செம்புக் காசைப் பார்த்து உள்ளூரில் அடித்த காசுகள் இருக்கின்றன. சில்லறைத் தட்டுப்பாட்டுக்காக அடித்திருக்கலாம். அதைப் போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதுவும் ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக் காசுதான்.)

மூன்றாவது முறைதான் நிஜக் காசு கிடைத்தது. ஒரு நாணயக் கண்காட்சியில் பில் போட்டுக் கொடுத்த கடையில் 250 ரூபாய்க்கு வாங்கினேன். சுண்டு விரல் நகத்தை விடக் கொஞ்சம்தான் பெரிசு. ஒரு பக்கம் முகம், எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது. மறுபக்கம் ஈட்டி பிடித்த இரண்டு சிப்பாய்கள், நடுவில் கொடிக்கம்பம். இதை 'குளோரியா எக்ஸர்சிடஸ்' வகை என்பார்கள். 'படையின் புகழ்' என்று பொருள். இதில் ஒரு அருமையான கணக்கு இருக்கிறது. நடுவில் இரண்டு கொடிக்கம்பம் இருந்தால் கி.பி. 330-லிருந்து 335 வரை அடித்தது. ஒரே கம்பம் என்றால் 335-க்குப் பிறகு. என் காசில் ஒன்றுதான். ராஜா பேரே தெரியாத காசுக்கு ஒரு கம்பத்தை எண்ணி வயசு சொல்லிவிட்டேன்! சிப்பாய்களின் காலுக்குக் கீழே ஒரு கோடு, அதற்கும் கீழே சின்ன எழுத்து இருந்தால் அது காசு அடித்த ஊரின் அடையாளம். அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா என்று கண்டுபிடிக்கலாம். என் காசில் அந்த இடம் உடைந்திருக்கிறது.

ஆனால் ஒரு குறை இருக்கிறது. "இது எங்கே கிடைச்சது?" என்று கடைக்காரரைக் கேட்டேன். "கரூர்" என்றார். பக்கத்தில் இருந்த இன்னொருவர் அதே தட்டில் கை வைத்துக் கேட்டபோது, "மதுரை" என்றார். கரூரில் கிடைத்தது என்று நிச்சயம் தெரிந்தால், சேரநாட்டு ஊருக்கு அந்தக் காசு எப்படி வந்தது என்று யோசிக்க ஒரு சாட்சி. தெரியாவிட்டால் வெளிநாட்டிலிருந்து மூட்டையில் வந்த ஆயிரத்தில் ஒன்றாகவும் இருக்கலாம். என் நோட்டில் 'இடம்' என்ற கட்டத்தில் கேள்விக்குறிதான் போட்டிருக்கிறேன்.

இதனால்தான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மழை பெய்து ஓய்ந்ததும் கோட்டை மேட்டில் நம்ம பசங்க கம்பி வைத்துக் கிளறுவதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்ன, நானும் கிளறியிருக்கிறேன். சார் அதைக் கேள்விப்பட்டுத் திட்டவில்லை. "எந்த ஆழத்துல, எதுக்குப் பக்கத்துல கிடைச்சதுன்னு எழுதாம எடுத்தா, அந்தக் காசோட வாயைப் பொத்திட்டு எடுக்கிற மாதிரி" என்று மட்டும் சொன்னார். சட்டமும் இருக்கிறது. மண்ணுக்குள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் புதையல் எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே தோண்டினால் குற்றம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். அதை நாமாக வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. கடையில் பில் கேட்டு வாங்குங்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

வாங்கிய பிறகு நம்ம ஊரில் தனித் தொல்லை ஒன்று உண்டு. உப்புக் காத்து! கரும்பச்சையாக, வழவழப்பாக இருக்கும் படலம் நல்லது. அதுதான் காசின் தோல். தேய்ந்த செம்புக் காசில் பல நேரம் எழுத்தே அந்தத் தோலில்தான் மிச்சம் இருக்கும். நான் புளி போட்டு உரித்தது அதைத்தான். வெளிர்ப்பச்சையாக மாவு மாதிரி பூத்தால் அது வியாதி. உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பைத் தின்கிறது. அதற்கு பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் (மெக்கானிக் கடையில் கிடைக்கும்) வாங்கி, அதில் காசை ஊற வைத்து, தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். உப்பு மெல்ல இறங்கும். வாரக்கணக்கில் ஆகும். அப்புறம் நன்றாகக் காய வைத்து, தனித்தனியாகக் காகித உறையில் போட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். புது ஷூ டப்பாவுக்குள் சின்னப் பொட்டலத்தில் குருணை மாதிரி வருமே, சாப்பிடக் கூடாது என்று எழுதியிருக்கும், அதை எறியாமல் டப்பாவுக்குள் போடுங்கள். ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். என் நோட்டில் 31 காசு இருக்கிறது. அதில் என்னுடையது ஆறுதான். போலியையும் சேர்த்து! மிச்சம் 25-ம் மற்றவர்கள் வீட்டுக் காசு. காசின் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தேய்த்தால் படம் அப்படியே தாளில் வந்துவிடும். அளவை ஸ்கேலில் எடுத்துக்கொள்வேன். எடையைப் பொன்னேரி நகைக்கடையில் கேட்டால் சிரித்துக்கொண்டே போட்டுத் தருவார்கள். யார் வீட்டில் இருக்கிறது, அவர்களுக்கு எப்படி வந்தது என்பதையும் எழுதிக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். செலவு தாளும் பென்சிலும். இதில் ஓட்டைக் காலணாவும் உண்டு, 1835-ஆம் வருஷக் கம்பெனிக் காலணாவும் உண்டு. நான் விலை கொடுத்து வாங்கிய ரோமானியக் காசுக்கு இல்லாத 'இடம்' இந்த ஓசிக் காசுகளுக்கெல்லாம் இருக்கிறது.

அப்படித்தான் போன மாதம் கோட்டைக்குப்பத்தில் ஒரு வீட்டில் இன்னொரு டுயிட் கிடைத்தது. யாரும் தேய்க்காத காசு. ஒரு பக்கம் வி.ஓ.சி., மறுபக்கம் கிரீடம் வைத்த கேடயம். அதற்குள்ளே அலை அலையாகக் கோடு. அலையிலிருந்து பாதி உடம்பு மேலே வந்து நிற்கிற சிங்கம். அது சீலாந்து மாகாணத்தின் சின்னம். அவர்களும் கடலோடு போராடுகிற ஜனங்கள்தானாம். பென்சில் படத்தை வீட்டில் வைத்து மை போட்டுக்கொண்டிருந்தேன். ஆயா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "இத எங்கடா புடிச்ச? என் காசுல இருந்த பூனை ஆச்சே இது!" என்றது.

"எந்தப் பூனை ஆயா?"

"தண்ணியில முங்கி எழுந்திரிக்கிற பூனைடா. நான் கல்யாணமாகி வந்தப்போ நல்லாத் தெரிஞ்சிது. எங்க மாமியா அதைக் காட்டித்தான் உங்க நைனாவுக்குச் சோறு ஊட்டும்."

நான் ஆயாவிடம் அந்தக் காசைப் பற்றி ஒரு வார்த்தை கூட அதுவரை கேட்டதில்லை. தேய்க்கத்தான் வாங்கினேன். அன்றைக்கு ராத்திரி நோட்டின் முதல் பக்கத்தைத் திருத்தினேன். டுயிட், செம்பு. மாகாணம்: சீலாந்து (ஆயா சொன்னது). ஆண்டு: 17-க்குப் பிறகு தெரியாது.

உங்கள் வீட்டுச் சாமி மாடத்திலோ, மஞ்சள் துணியிலோ, அஞ்சறைப் பெட்டியிலோ பழைய காசு இருந்தால் மதிய இடைவேளையில் வேப்பமரத்தடிக்கு எடுத்து வாருங்கள். பெரியவர்களைக் கேட்டுவிட்டு எடுத்து வாருங்கள். அது யார் கொடுத்தது என்பதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள். ஐந்து நிமிஷத்தில் படம் எடுத்துத் திருப்பித் தந்துவிடுவேன். கழுவ வேண்டாம்!

— பிளஸ் ஒன், 'ஆ' பிரிவு மாணவன்